சலேத் எத்தனை ஆட்களாய் இருக்கிறாள்?

சிப்பித்துறையில் சலேத் மூன்று பேரான செவ்வாய்க்கிழமை சாளை மீன் வலையில் அளவில்லாமல் பட்டிருந்தது. ஆகவே ஊரில் பாதிப் பேருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. கவனித்த மீதிப் பேரும், ஒரு குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனவள் மூன்று குடத்தோடு மூன்று பெண்களாகத் திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு, கூடுதலாக வந்த இரண்டு குடமும் யாருடையவை என்றுதான் முதலில் கேட்டார்கள். குழாயடியில் அன்று நடந்த சண்டை முழுவதும் குடத்தைப் பற்றியது. மூவருக்கும் அதே சாயம் போன ஊதாச் சேலை, இடது புருவத்தில் அதே தழும்பு, வலது காலில் அதே வார் அறுந்து ஊக்கு மாட்டிய செருப்பு. வீட்டு வாசலில் நெருக்கியடிக்காமல் ஒருவருக்கொருவர் வழிவிட்டு உள்ளே போய், ஒருத்தி உலை வைத்தாள், ஒருத்தி மாவு பிசைந்தாள், ஒருத்தி இடியாப்பத் தட்டுகளைக் கழுவினாள். இடியாப்பம் விற்பதுதான் பிழைப்பு, அன்றைக்கும் அது நடக்க வேண்டியிருந்தது.

கருவாடு விற்கிற விசேந்தி மட்டும் விடாமல் வாசல்வரை வந்து நின்றாள். "ஏட்டி சலேத்து, ஒன்ன ஒருத்திய வச்சே குழாயடியில வரிச நகராது. இனி மூணா வந்து நின்னா நாங்க தண்ணி புடிச்ச மாரிதான்."

"தண்ணிக்கு நான் ஒருத்திதான் வருவேன் மைனி," என்றாள் உலை வைத்தவள். "மத்த ரெண்டு பேரும் வீட்ல இருப்பேன்."

விசேந்தி அந்த வாக்கியத்தை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இரண்டு நாள் அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

இது எப்படி நடந்தது என்று ஊர் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கப் போவதில்லை. கடலோரத்தில் பிறந்தவர்களுக்குக் காரணம் கேட்கிற பழக்கம் குறைவு. காற்று ஏன் திரும்பியது என்று கேட்டுக்கொண்டிருந்தால் வலையை இழுக்க முடியாது. ஆனால் அதற்கு முந்திய முப்பத்து மூன்று வருஷத்தில் நடந்ததற்குக் காரணம் உண்டு, அதைக் கேட்காமல் விட்டவர்கள் நாங்கள், அதைத்தான் நான் சொல்லியாக வேண்டும்.

ஒன்பது வயதில் நாங்கள் பன்னிரண்டு பிள்ளைகள் பூசையில் முதன்முதலாக அப்பம் வாங்குகிற புதுநன்மைக்காகக் கோயில் பின்கட்டில் உட்கார்ந்து ஞானோபதேசம் படித்தோம். உபதேசியார் மரியசந்தியாகு கேட்பார், "கடவுள் எத்தனை ஆட்களாய் இருக்கிறார்?" நாங்கள் இராகத்தோடு சொல்வோம், "பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆட்களாய் இருக்கிறார்." "அவர்கள் மூன்று கடவுளோ?" "அல்ல, ஒரே கடவுள்." பொருள் எங்களுக்குத் தெரியாது, இராகம் தெரியும். இராகம் தப்பினால்தான் அடி. சலேத் மட்டும் முதல் நாள், "ஆவின்னா எங்க அம்மா இடியாப்பச் சட்டியத் தொறக்கும்போது வருமே, அதா சார்?" என்று கேட்டு உச்சந்தலையில் ஒரு குட்டு வாங்கினாள். இரண்டாவது நாள் தன் பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்தாள். அதில் ‘மூன்று பேர் வந்தார்’ என்று அவள் எழுதியதைத் தமிழ் டீச்சர் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ‘வந்தார்கள்’ என்று திருத்தியிருந்தார்.

"மூணு ஆளுன்னா ‘இருக்கிறார்கள்’னுதான வரணும் சார்? ‘இருக்கிறார்’னா ஒருத்தர்தான?"

"அது பள்ளிக்கூடம். இது கோயில்."

"ரெண்டும் தமிழ்தான சார்?"

உபதேசியார் கெட்டவர் இல்லை. அவருக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்ல அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். "புரிஞ்ச பெறவு வா," என்று அவளை எழுப்பி அனுப்பினார். அவள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாள். புரிந்த பிறகு வா என்றால் புரிந்த பிறகுதான் வரவேண்டும் என்று நினைத்தாள். நாங்கள் பதினோரு பேரும் புரிவதற்கு முன்பே வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாய் மெழுகுவர்த்தி பிடித்துப் போய், நாக்கை நீட்டி, வாங்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்த வருஷமும் அவள் போனாள். "இன்னும் புரியல சார்," என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கடுத்த வருஷமும். அவளுக்காகத் தைத்த கவுன் சித்தி மகளுக்குப் போயிற்று, அங்கிருந்து இன்னொருத்திக்கு. அவள் அம்மா, "சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லிட்டு வாயேன் மவளே, எல்லாரும் அப்படித்தான சொல்லுதாவ," என்று அழுதழுது, அழுகை தீர்வதற்கு முன்னால் செத்துப்போனாள். உபதேசியாரும் போய்ச் சேர்ந்தார். ஆறு சாமியார்கள் மாறினார்கள். கேள்வி மாறவில்லை, அவள் விடையும் மாறவில்லை.

இதில் வலேரியன் கொரைரா எங்கே வருகிறான் என்றால், அவளுக்கு இருபத்தொன்று நடந்தபோது வருகிறான். ஓட்டை விழுந்த ஃபைபர் படகுகளுக்குப் பசை பூசி அடைக்கிறவன், அதிகம் பேசாதவன். அவளைத்தான் கட்டுவேன் என்று ஒருமுறை சொன்னான், அதற்குமேல் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளையின் பேரைச் சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். அதற்கு ஓலை வாசிப்பது என்று பேர். புதுநன்மைப் புத்தகத்தில் பேர் இல்லாதவளுக்கு ஓலை வாசிக்க முடியாது என்று அன்றைய சாமியார் சொல்லிவிட்டார். வலேரியன் சரி என்று போய், இருபத்தொரு வருஷம் படகுகளின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தான். அவன் வேறு பெண் பார்க்கவில்லை. அவள் கடைத்தெருவுக்குப் போக நேர்வழி இருந்தும் அவன் கொட்டகை வழியாகச் சுற்றித்தான் போனாள். இது ஊருக்குத் தெரியும். ஊர் இதைப் பார்த்து, நல்ல சோடி, என்ன செய்ய, என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போகும்.

புதிதாக வந்த சுவக்கீன் சாமி படித்தவர், இளையவர், கம்ப்யூட்டரில் கோயில் பங்கு மக்களின் கணக்கெடுப்பு நடத்துகிறவர். இவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று வலேரியன் போனான். மூவொரு கடவுள் திருவிழா முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, சாமி சலேத்தைக் கூப்பிட்டனுப்பி, அன்போடுதான் கேட்டார். அவளும் மரியாதையோடுதான் பதில் சொன்னாள்.

"சாமி, பிடிபடுற அன்னைக்கு இயேசு தோட்டத்துல முட்டுப் போட்டு அழுதாரே, இந்தப் பாத்திரம் என்னவிட்டு அகலட்டும் பிதாவேன்னு. அவரு யார்ட்டக் கேட்டாரு? பிதாவும் அவரும் ஒன்னுன்னா, தன்கிட்டயே கேட்டுக்கிட்டு, தனக்கே முடியாதுன்னு சொல்லிக்கிட்டாரா? அப்ப அந்த வேர்வ, ரத்தம்லாம் நடிப்பா? நடிப்பில்ல, நெசமாவே வேற ஒருத்தர்ட்டதான் கெஞ்சினாருன்னா, அவுக ரெண்டு பேருல்லா?"

சாமி புத்தகத்தை மூடிவிட்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா," என்றார். அவளுக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு.

மறுநாள் காலையில்தான் அவள் மூன்று பேரானது.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், ஊர் எதையும் ஏற்றுக்கொள்கிற மாதிரிதான், முதலில் ஒரு பேர் வைத்து. உலையடியில் இருந்தவளுக்கு ஆவியக்கா என்று பேர் வைத்தார்கள், பேருந்து நிறுத்தத்தில் கூடை வைத்து விற்றவளைப் பிதாக்கா என்றும், மீன் ஏலக்கூடத்துக்கு விற்கப் போனவளைச் சுதக்கா என்றும் சொன்னார்கள். பிறகு மூவரில் மூத்தவள் யார் என்று தேடினார்கள். கடவுளின் மூன்று ஆட்களில் முந்தியவர் இல்லை பிந்தியவர் இல்லை, பெரியவர் இல்லை சிறியவர் இல்லை என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் தொண்டை கிழியப் பாடிய அதே வாயால், "ஏட்டி, ஒங்கள்ல யாரு பெரியவ? யார்ட்டக் கடன் சொல்ல?" என்று கேட்டார்கள். ரேஷன் கடைக் கருவி மூவரில் யார் விரல் வைத்தாலும் பச்சை விளக்கைக் காட்டியது, அடுத்தவள் விரல் வைத்தால் பொருள் வழங்கப்பட்டுவிட்டது என்றது. கடைக்காரர் கருவி சொல்வதை நம்பினார். கூட்டுறவுச் சங்கத்தில் மாதர் கூட்டத்துக்கு மூன்று நாற்காலி போட்டார்கள், கையெழுத்து ஒன்று வாங்கினார்கள். சில பெண்கள் பொறாமைப்பட்டார்கள். எனக்கு இன்னொருத்தி இருந்தா ஒருத்தி அடுப்பப் பாப்பா, ஒருத்தி உக்காந்திருப்பேன் என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பெரும் தொல்லை பேச்சில்தான். சலேத் வந்தாளா, வந்தாளுவளா? சலேத்தைக் கூப்பிடு என்றால் எத்தனை பேரைக் கூப்பிட? மூன்று வாரத்தில் அதுவும் பழகிவிட்டது. ஒருத்தியைப் பார்த்தால் வந்தாள் என்றும், மூவரையும் சேர்த்துப் பார்த்தால் வந்தாளுவ என்றும் குழந்தைகூடப் பிசகில்லாமல் பேசியது. பச்சைப் பிள்ளைகள் மூன்று வாரத்தில் தீர்த்த கணக்கு அது.

கோயிலுக்குத்தான் பழகவில்லை. நான்காவது ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குப் பேரவையைக் கூட்டி, மூவரையும் முன்னால் நிற்கவைத்தார் சுவக்கீன் சாமி. பெஞ்சுகளில் நாங்களும் இருந்தோம்.

"உங்களில் யார் சலேத்?"

"நான்." "நான்." "நான்."

"விளையாடாதீங்கம்மா. ஞானஸ்நானப் புத்தகத்துல ஒரே ஒரு சலேத் மச்சாதுதான் இருக்கு."

"ஆமா சாமி, ஒருத்திதான்."

"அப்ப இங்க நிக்கிற நீங்க?"

"மூணு பேரு சாமி."

சாமிக்குப் பொறுமை போய்விட்டது. "மூணு பேர் எப்படிம்மா ஒரே ஆளா இருக்க முடியும்? புத்தியுள்ள யாராவது இதை நம்புவாங்களா?"

சாமி தான் சொன்னதைத் தானே கேட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து விசேந்தி சிரித்தாள். சிரிப்பு என்றால் மேல்பல் நாலும் தெரிய, முந்தானையால் வாயைப் பொத்தியும் பொத்த முடியாத சிரிப்பு.

"அத நீங்கதான் சாமி எங்களுக்குச் சொல்லணும். அம்பது வருசமா நாங்க நம்பிக்கிட்டுத்தான இருக்கோம்!"

"அது மறைபொருள்," என்றார் சாமி, காது சிவந்துபோய். "இது மோசடி."

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. புரியாதது அவர்களிடம் இருந்தால் மறைபொருள், எங்களிடம் இருந்தால் மோசடி. அவர்கள் வீட்டு அலமாரி பூட்டியிருந்தால் உள்ளே பொக்கிஷம் இருப்பதாக நாங்கள் முட்டுப் போட வேண்டும், எங்கள் வீட்டுக் கதவு ஒருநாள் சாத்தியிருந்தால் உள்ளே களவு நடக்கிறது. வேதாகமத்தை முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடுவரை புரட்டினாலும் அகப்படாத திரித்துவம் என்கிற சொல்லை, யாரோ எந்தக் காலத்திலோ சபை கூட்டிப் பேசி முடித்த சொல்லை, ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயில் திணித்து, விழுங்காவிட்டால் உனக்கு அப்பம் இல்லை, கல்யாணம் இல்லை என்று சொல்ல இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? தச்சன் மகன் எவரிடமாவது இந்தக் கணக்கைக் கேட்டாரா? குருடனிடம் கேட்டாரா? கிணற்றடிப் பெண்ணிடம் கேட்டாரா? பசித்தவர்களை உட்காரவைத்து அப்பம் கொடுத்தபோது வரிசையில் எவனையாவது நிறுத்தி, நான் எத்தனை ஆட்களாய் இருக்கிறேன் சொல் என்று கேட்டாரா?

இதையெல்லாம் நான் இப்போது எழுதுகிறேன். ஊரிலிருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவள் அன்றைக்கு இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, ஜெபமாலையின் மணியை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தேன். பேசியவள் கருவாடு விற்கிறவள்.

அந்த வாரத்தில் ஒரு காரியம் நடந்தது. உலையடியில் இருந்தவளின் கையில் சட்டி மூடி நழுவி, ஆவி அடித்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துபோயிற்று. அவள் கத்திய கத்தலுக்கு நான்கு வீடு தள்ளி இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் இருந்தவள் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள், ஏலக்கூடத்தில் இருந்தவள் யாரோ சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குத் தெரியவில்லை. ஆள் போய்ச் சொன்ன பிறகுதான் அடித்துப் பிடித்து வந்தார்கள். சோற்றுக்கற்றாழையைக் கீறி, வழவழப்பை எடுத்துத் தடவி, விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெந்தவள் அந்த இரண்டு முகங்களையும், தன்னுடைய அதே முகங்களை, வெகுநேரம் பார்த்தாள்.

"ஒங்களுக்கு ஒன்னும் தெரியலயா?" என்றாள். அவள் அவர்களை நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியலட்டி," என்றாள் ஒருத்தி. "சிரிச்சுக்கிட்டுல்லா இருந்தேன்."

சாயங்காலம் வெயில் தணிந்ததும் வெந்தவள் மட்டும் கரையோரமாக நடந்து வலேரியனின் கொட்டகைக்குப் போனாள். அவன் கவிழ்த்துப் போட்ட படகின் அடியில் பசை பூசிக்கொண்டிருந்தான். கையைப் பார்த்ததும் பசை டப்பாவை வைத்துவிட்டு, அவள் கையைத் தன் மடியில் ஏந்தி வாயால் ஊதினான். இருபத்தொரு வருஷத்தில் அவன் அவளைத் தொட்டது அன்றைக்குத்தான்.

"வலி எனக்கு மட்டுந்தான் வலேரி," என்றாள். "அவளுவளுக்கு இல்ல. அவளுவ பாவம், மருந்து போட்டாளுவ, அழுதாளுவ, ஆனா அது என்னயப் பாத்து அழுத அழுக. வெந்து அழுத அழுக இல்ல."

அவன் ஊதிக்கொண்டே இருந்தான்.

"இப்பத்தான் எனக்கு வெளங்குது. முப்பத்து மூணு வருசமா புரியல புரியலன்னு சொன்னேன்லா, புரிஞ்சிட்டு. மூணு பேருன்னா மூணு பேருதான். ஒருத்தர் சிலுவையில தொங்கும்போது மத்தவுகளுக்கு வலிக்கலன்னா அவுக வேற ஆளு. வலிச்சுதுன்னா, ஏன் என்னயக் கைவிட்டீருன்னு இவரு கத்த வேண்டியதே இல்ல. அந்தச் சத்தம் பொய்யின்னு சொன்னாத்தான் அவுக கணக்கு சரியா வரும். நான் அந்தச் சத்தத்தப் பொய்யின்னு சொல்ல மாட்டேன்."

"நீ சொல்ல வேண்டாம்," என்றான் வலேரியன். கையைத் திருப்பி ஒருமுறை ஊதிவிட்டு, "ஆனா சும்மா வாயால ஒருக்காச் சொன்னா என்ன சலேத்து? நாங்க எல்லாரும் சொல்லிட்டுத்தான இருக்கோம். யாருக்குப் புரிஞ்சுது?" என்றான்.

"அதான். ஒங்களுக்குப் புரியல, அதனால சொல்லலாம். எனக்குப் புரிஞ்சிட்டே, நான் எப்படிச் சொல்ல?"

அவன் கொட்டகைக்குள் போய், துவைத்து மடித்து வைத்திருந்த தன் வெள்ளைத் துண்டைக் கிழித்து அவள் கையில் தளர்வாகச் சுற்றிவிட்டான்.

பத்து நாளில் ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. சாமி மூவரையும் வரச்சொல்லி வாசித்துக் காட்டினார். இரக்கமுள்ள கடிதம், அப்படித்தான் அவர் சொன்னார். மூவரில் ஒருத்தி, தான் மட்டுமே உண்மையான சலேத் என்றும் மற்ற இருவரும் வெறும் தோற்றமே என்றும் எழுதிக் கையொப்பமிட்டு, பிறகு பீடத்தின் முன் நின்று கடவுள் மூன்று ஆட்களாய் ஒரே கடவுளாய் இருக்கிறார் என்று அறிக்கையிட்டால், அன்றைக்கே புதுநன்மை, அடுத்த ஞாயிறே முதல் ஓலை.

கையில் துண்டு சுற்றியிருந்தவள் கடிதத்தை வாங்கி, தானே ஒருமுறை படித்தாள். "சாமி, மூணும் ஒன்னுன்னு சொல்லுன்னு சொல்லுத அதே தாள்ல, மூணுல ரெண்டு இல்லன்னு எழுதுன்னும் போட்டிருக்கே. எத மொதல்ல எழுத?"

"உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா வேணாமாம்மா?"

"வேணும் சாமி. இருவத்தோரு வருசமா வேணும்."

"அப்ப எழுது."

"இவளுவ எனக்கு மருந்து போட்டாளுவ. இவளுவ இல்லன்னு எழுத எனக்குக் கை வராது. நீங்க கேக்குற மத்ததுக்கு வாய் வராது."

"கோயிலுக்கு வெளியே கட்டிக்கிட்டா புத்தகத்திலிருந்து பேரை எடுக்க வேண்டியிருக்கும். கல்லறைத் தோட்டத்துல உங்க அம்மா பக்கத்துல இடம் கிடையாது. யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். எங்களுக்கு எதையாவது இழக்கவேண்டி வந்தால் நாங்கள் கத்தி, மண்ணை வாரித் தூற்றுவோம். அவள் யோசித்தாள், அவ்வளவுதான். "அம்மைக்குத் தெரியும் சாமி," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இனி யார் வலேரியனைக் கட்டுவது என்கிற பேச்சு அந்த வீட்டில் ஒருநாளும் நடக்கவில்லை. காத்திருந்த இருபத்தொரு வருஷமும் மூவருக்கும் சொந்தம். கொட்டகை வழியாகச் சுற்றிப் போன கால்கள் ஆறும் ஒரே கால்கள். குழாயடிக்குப் போன அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவனை நேசித்தது ஒரே ஒருத்திதான். அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் வந்தது, அது ஒருத்திக்குத்தான் வந்தது. அவள் கையில் வெள்ளைத் துண்டோடு வீடு திரும்பியபோதே மற்ற இருவரும் பார்த்துவிட்டார்கள். சுற்றிய விதத்தைப் பார்த்தார்கள், அவள் அந்தக் கையை வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி இடியாப்ப உரலைப் பிழிந்துகொண்டே, தலையைத் தூக்காமல், "நீ போ ஏட்டி," என்றாள். இன்னொருத்தி அன்றைக்குப் பிழிந்த தட்டுகளில் மாவு திட்டுத் திட்டாக விழுந்து, விற்க முடியாமல் ஆயிற்று.

தாலுகா ஊரில் பதிவு அலுவலகத்து வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். தடை சொல்கிறவர்கள் முப்பது நாளுக்குள் சொல்லலாம். சிப்பித்துறையிலிருந்து வேலை இருந்தவர்களும் இல்லாதவர்களும் பேருந்தேறிப் போய் அதைப் படித்துவிட்டு வந்தார்கள், தடை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சுவக்கீன் சாமி மட்டும் ஒரு மனு கொடுத்தார். மணப்பெண் ஒரு தனி நபர் இல்லை என்று எழுதியிருந்தார். அங்கிருந்த அலுவலர் சட்டப் புத்தகத்தைத் திருப்பி, வயசு குறைவு, உயிரோடிருக்கும் முதல் தாரம், புத்தி சுவாதீனம் இன்மை, கட்டக்கூடாத உறவு என்று வரிசையாக வாசித்துவிட்டு, "நீங்க சொல்றது இந்தப் பட்டியல்ல இல்லீங்களே ஃபாதர்," என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

முப்பத்தொன்றாவது நாள் காலை பதினொரு மணிக்கு அவர்கள் போனார்கள். நானும் போனேன். கோயிலில் திறக்காத வாயோடு ஒரு மூலையில் நின்றேன். வலேரியன் புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் விறைத்துக்கொண்டு நின்றான். மணப்பெண்ணுக்கு அன்று காலை மற்ற இருவரும் தலை பின்னிப் பூ வைத்திருந்தார்கள். தங்களுக்கு எப்படி வகிடு எடுப்பார்களோ அப்படியே எடுத்திருந்தார்கள்.

நெற்றியில் திருநீறும் காதில் பேனாவுமாக இருந்த எழுத்தர் பெரிய பதிவேட்டைத் திறந்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். "சாட்சி மூணு பேர் வேணும்."

விசேந்தி முதலில் போட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக, பேருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் வைத்தாள். அடுத்து இரண்டு சலேத்தும் முன்னால் வந்தார்கள். எழுத்தர் ஆதார் நகல்களைப் புரட்டினார்.

"என்னம்மா, பொண்ணோடதும் சாட்சியோடதும் மூணும் ஒரே ஜெராக்ஸா இருக்கு?"

"கார்டுதான் சார் ஒன்னு," என்றாள் விசேந்தி. "ஆளு மூணு."

அவர் கண்ணாடியை இறக்கி மூன்று முகங்களையும் விரலால் எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. "ஆள் நேர்ல வந்தாச் சரி," என்று மேலே எழுதப் போனவர், உறவு என்று போட்டிருந்த கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

"மணப்பெண்ணுக்கு நீங்க என்ன உறவு?"

முன்னால் நின்ற சலேத் மணப்பெண்ணைப் பார்த்தாள். பிறகு வலேரியனைப் பார்த்தாள், ஒரே ஒருமுறை. அவன் தன் விரல்நகத்தில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். எழுத்தர் காத்திருந்தார். அவளுக்கு அதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது, எந்தப் புத்தகத்திலும் அவளுக்காக யாரும் அதை எழுதி வைத்திருக்கவில்லை.

"பக்கத்து வீடுன்னு போட்டுக்கிடுங்க சார்," என்றாள்.

அவர் எழுதிக்கொண்டு அடுத்தவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

"எனக்கும் அதேதான் சார்."